கிடைத்த பச்சைக் கல் ஜேட் தானா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஆற்றில் நனைந்து கிடக்கும்போது எந்தப் பச்சைக் கல்லும், நகைக்கும் செதுக்கலுக்கும் பயன்படும் ஜேட் மாதிரிதான் தெரியும். வீட்டுக்கு எடுத்துவந்து துடைத்து, அது காய்ந்த பிறகுதான் சுயரூபம் வெளிப்படும். நான் இதுவரை ஆசையாகத் தூக்கிவந்த பச்சைக் கற்களில் பெரும்பாலானவை செர்பென்டைன் என்ற மென்மையான பச்சைக் கல். சில குவார்ட்சைட், அதாவது குவார்ட்ஸ் மணிகள் இறுகிய பாறை. ஒன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கடல் உருட்டி வழவழப்பாக்கிய பாட்டில் கண்ணாடி.

அந்த ஏமாற்றங்களில் கற்றுக்கொண்டது இதுதான்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள், எடையை முதலில் பாருங்கள். அப்புறம், "இது ஜேட்" என்று நிரூபிக்கப் பார்க்காமல் "இது ஜேட் இல்லை" என்று நிரூபிக்கப் பாருங்கள். எல்லாச் சோதனையையும் தாண்டி ஒரு கல் நின்றால், அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

ஜேட் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கற்கள் இருக்கின்றன. ஒன்று நெஃப்ரைட்: கால்சியம், மக்னீசியம், இரும்பு கலந்த, ஆம்ஃபிபோல் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று ஜேடைட்: சோடியமும் அலுமினியமும் கலந்த, பைராக்சீன் என்ற வேறொரு கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று 1863-இல் பிரித்துக் காட்டியவர் அலெக்சிஸ் தமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அதற்குள் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றுவரை அப்படியே நிற்கிறது.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் நான்குதான். நெஃப்ரைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எது எதைக் கீறும் என்று காட்டும் 1 முதல் 10 வரையான வரிசை) 6 முதல் 6.5, ஒப்படர்த்தி சுமார் 2.90 முதல் 3.03. ஜேடைட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7, ஒப்படர்த்தி சுமார் 3.24 முதல் 3.43. ஒப்படர்த்தி என்றால், அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது.

தமிழில் ஒரு கூடுதல் குழப்பமும் உண்டு. பச்சையான கல்லைப் பார்த்தாலே மரகதம் என்று சொல்லிவிடுகிறோம். மரகதம் பெரில் வகையைச் சேர்ந்த தனிக் கனிமம். கண்ணாடி போலப் பளபளக்கும் படிகம் அது. ஜேட் அப்படியல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளோ மணிகளோ நெருக்கமாகப் பின்னிக்கொண்ட பாறை. உங்கள் கல்லில் தெளிவான படிக முகங்கள் தெரிந்தால் அது ஜேட் அல்ல. வெறும் கண்ணாலேயே முடிந்துவிடுகிற சோதனை இது.

கல் எங்கே கிடைத்தது?

பாதித் தீர்ப்பு இங்கேயே வந்துவிடும். ஜேடைட் உருவாக மிக அதிக அழுத்தமும், அந்த அழுத்தத்துக்கு ஒப்பிட்டால் குறைவான வெப்பமும் வேண்டும். ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் இடங்களில்தான் அப்படிப்பட்ட சூழல் அமையும். அதனால்தான் உலகில் ஜேடைட் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு: மியான்மாரின் பாகாந்த் பகுதி, குவாத்தமாலாவின் மொத்தாகுவா பள்ளத்தாக்கு, ஜப்பானின் இதோய்காவா, இன்னும் சில.

நெஃப்ரைட் கொஞ்சம் தாராளம். நியூசிலாந்தின் தெற்குத் தீவு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வயோமிங், கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரை, சைபீரியாவில் பைக்கால் பகுதி, சீனாவின் கோட்டான் ஆறுகள் எல்லாம் பெயர்பெற்றவை. பல இடங்களில் இது செர்பென்டைன் பாறையின் ஓரத்தில், வேறு பாறையோடு அது சேரும் விளிம்பில் உருவாகிறது. சில இடங்களில் மக்னீசியம் நிறைந்த பளிங்குப் பாறையில் உருவாகிறது. கோட்டானின் வெள்ளை ஜேட் அப்படி வந்ததுதான்.

ஆகவே கல் கிடைத்த இடத்தின் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். ஆற்றின் மேற்பகுதியில் செர்பென்டைனோ உருமாறிய பாறைகளோ இருக்கின்றனவா? இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. சுற்றிலும் வெறும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பனியாறும் ஆறும் கற்களை வெகுதூரம் உருட்டிச் செல்லும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம். தோட்டத்திலோ பூங்காவிலோ கிடைத்த கல் என்றால், அலங்காரத்துக்கு லாரியில் வந்து இறங்கியதாகவும் இருக்கலாம்.

எடுப்பதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். நியூசிலாந்தில் பவுனாமு எனப்படும் பச்சைக்கல், 1997-இல் வந்த சட்டப்படி ஙாய் தாஹு (Ngāi Tahu) என்ற மாவோரி இனக்குழுவுக்கு உரியது. பொதுமக்கள் எங்கே, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். தேசியப் பூங்காக்களில் பல நாடுகள் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க விடுவதில்லை.

கழுவுங்கள், காயவிடுங்கள், பாருங்கள்

சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான கல் பொய் சொல்லும்.

முதலில் தோலைப் பாருங்கள். நீண்டகாலம் வெயிலிலும் மண்ணிலும் கிடந்த ஜேட் கல்லின் வெளிப்புறம் பழுப்பாகவோ, துரு நிறமாகவோ, வெளிறிய சாம்பலாகவோ மாறியிருக்கும். உள்ளே பச்சை இருந்தாலும் வெளியே சாதாரணப் பாறைபோலத்தான் தெரியும். பளபளவென்று முழுப் பச்சையாகக் கிடக்கும் கல்லை எல்லோரும் எடுக்கிறார்கள். பழுப்புத் தோல் போர்த்திய நல்ல நெஃப்ரைட்டைத் தாண்டிப் போகிறார்கள். நிறத்தை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மஞ்சள், ஊதா நிறங்களிலும் ஜேட் உண்டு.

அடுத்தது பளபளப்பு. ஜேட்டின் வழவழப்பில் எண்ணெய் தடவியது போன்ற, மெழுகு பூசியது போன்ற ஒரு மங்கல் மினுமினுப்பு இருக்கும். நெஃப்ரைட்டில் இது தூக்கலாகத் தெரியும். குவார்ட்ஸ் வகைகளும் கண்ணாடியும் கூர்மையாக மின்னும். ஆனால் செர்பென்டைனும் மெழுகு போலத்தான் இருக்கும். இந்த ஒரு அடையாளத்தை வைத்து முடிவெடுத்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

கல்லில் உடைந்த இடம் இருந்தால் அங்கே கவனம் வையுங்கள். ஜேட் உடைந்தால் முறித்த மரம் போலச் சிம்பு சிம்பாக, சொரசொரப்பாக இருக்கும். சிப்பியின் உட்புறம் போல வளைந்து வழுக்கலாக உடைந்திருந்தால் அது கண்ணாடி அல்லது நுண்மணிக் குவார்ட்ஸ் வகை. ஏடு ஏடாகப் பிரிந்தால் அது வேறு ஏதோ படலப் பாறை.

டார்ச்சும் லென்ஸும்

இருட்டறையில், மெல்லிய விளிம்பின் பின்னால் நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சை ஒட்டி வையுங்கள். நல்ல ஜேட்டில் விளிம்பு வழியாக ஒளி கசியும். கல் முழுவதும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். துளிகூட ஒளி புகாமல் கறுத்து நின்றால் உடனே ஒதுக்க வேண்டாம். இரும்பு அதிகமான ஜேட் அப்படியும் இருக்கும்.

பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நெஃப்ரைட்டில் தனித்தனி மணிகள் தெரியாது. கம்பளியை அழுத்திவைத்தது போன்ற ஒரு பின்னல் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. ஜேடைட்டில் சர்க்கரைக் கட்டிபோல மணிகள் தெரியலாம், கல்லைத் திருப்பும்போது அங்கங்கே சின்னச் சின்னத் தகடுகள் மின்னி மறையும். உள்ளே வட்டமான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. பழைய உலோக உலைகளின் கசடு பச்சைக் கண்ணாடிக் கட்டிகளாகக் கிடப்பதுண்டு. பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். பச்சைப் பின்னணியில் ஜிகினாத் தூள் போல மைக்கா மின்னினால் அது அவென்ச்சுரின், அதாவது குவார்ட்ஸ்.

கீறல் சோதனை

இரண்டு எச்சரிக்கை. செதுக்கிய பொருள், மணி, பழங்காலக் கருவி போன்ற எதையும் கீறாதீர்கள். கல்லின் தோலிலும் கீறிப் பார்க்காதீர்கள். வெயில் மழையில் சிதைந்த நெஃப்ரைட்டின் தோல் மென்மையாகிவிட்டிருக்கும், நல்ல கல்லைத் தவறாகத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். புதிதாகத் தெரியும் பரப்பில், மூலையில், ஒரு சின்னக் கோடு போதும்.

சாதாரணப் பேனாக்கத்தியின் நுனியை அழுத்தி இழுங்கள். அதன் கடினத்தன்மை சுமார் 5.5. கல்லில் பள்ளமாகக் கோடு விழுந்தால் அது செர்பென்டைனாகவோ பளிங்காகவோ இருக்கும். நகத்தாலேயே கீற முடிந்தால் மாக்கல். ஜேட் என்றால் கத்திதான் தேயும். கல்லில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புக் கோடு படியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோட்டைப் பார்த்ததும் கல் கீறப்பட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல், தடுக்காவிட்டால் வெறும் இரும்புப் படிவு.

"கண்ணாடியைக் கீறினால் ஜேட்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கார்னெட் எல்லாமே கண்ணாடியைக் கீறும். கண்ணாடியைக் கீறாத கல் ஜேட் இல்லை என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும். இதைவிடப் பயனுள்ளது, கூர்மையான குவார்ட்ஸ் துண்டு ஒன்றால் உங்கள் கல்லைக் கீறுவது. நெஃப்ரைட் என்றால் மெல்லிய கோடு விழும். குவார்ட்ஸ் வகைக் கல் என்றால் விழாது.

தண்ணீரில் எடை போடுவது

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பத்தில் எட்டுப் போலிகள் இங்கேயே விழுந்துவிடும் என்பது என் கணிப்பு.

தேவையானவை: 0.1 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நூல். 0.01 கிராம் வரை காட்டும் தராசு என்றால் இன்னும் நல்லது.

முதலில் காய்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 148.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கல் முழுகும் அளவு தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக இறக்கிக் கையில் பிடியுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது, தொங்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. 50.1 கிராம் காட்டுகிறது என்றால், 148.2-ஐ 50.1-ஆல் வகுங்கள். விடை 2.96. நெஃப்ரைட்டின் எல்லைக்குள் வருகிறது. அதே கல் 57 கிராம் காட்டியிருந்தால் விடை 2.6, ஜேட் இல்லை. 44.5 காட்டியிருந்தால் 3.33, ஜேடைட்டின் எல்லை.

தவறு நுழையும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் பிளவுகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் வகுத்து வரும் விடை குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, கல்லை உள்ளே ஆட்டிக் குமிழிகளை விரட்டுங்கள். கை நடுங்கினால் எண் ஓடும். இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அதில் நூலைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

சின்னக் கல்லுக்கு 0.1 கிராம் தராசு உதவாது. 6 கிராம் கல் 2.0 கிராம் தண்ணீரைத் தள்ளுகிறது என்றால், தராசு 0.1 பிசகினாலே விடை 2.86-இலிருந்து 3.16 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐம்பது கிராமுக்கு மேல் என்றால் நிம்மதி. உங்கள் கைப்பழக்கத்தை முதலில் சோதித்துக்கொள்ள, சுத்தமான குவார்ட்ஸ் படிகம் ஒன்றை இதேபோல எடை போடுங்கள். 2.65 வர வேண்டும். வராவிட்டால் கோளாறு உங்கள் முறையில் இருக்கிறது.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது

2.5 முதல் 2.67 வரை: செர்பென்டைன், அமசோனைட், குவார்ட்ஸ் வகைகள், பெரும்பாலான கண்ணாடிகள். ஜேட் கனவு இங்கே முடிகிறது. ஜேட் என்ற பெயரில் சந்தையில் சுற்றும் பல கற்கள் இந்தக் கூட்டம்தான். இந்தியன் ஜேட் என்பது அவென்ச்சுரின், ஆஸ்திரேலியன் ஜேட் என்பது கிரிசோபிரேஸ், நியூ ஜேட் என்பது செர்பென்டைன். செர்பென்டைனில் போவெனைட் என்று ஒரு வகை உண்டு. கத்திக்குக்கூட அவ்வளவு எளிதில் மசியாது. கீறல் சோதனையில் தப்பித்துவிடும், எடையில் மாட்டிக்கொள்ளும்.

2.7-ஐ ஒட்டி: பளிங்கு. வினிகர் ஒரு சொட்டு விட்டால் லேசாக நுரைக்கும். ஜேட் நுரைக்காது.

2.8 முதல் 3.05 வரை: இதுதான் சிக்கலான இடம். நெஃப்ரைட் இங்கே இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை. பிரெஹ்னைட் இருக்கிறது, கடினத்தன்மையும் அதே 6 முதல் 6.5. கண்ணாடி போன்ற மினுமினுப்பு, திராட்சைக் கொத்து போன்ற உருண்டை வடிவம், எரிமலைப் பாறையின் பொந்துகளில் வளரும் பழக்கம் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கலாம். அடர்ந்த பாசால்ட்டும் (கறுத்த எரிமலைப் பாறை) ஆம்ஃபிபோலைட்டும் (ஆம்ஃபிபோல் நிறைந்த பாறை) இதே எடையில் இருக்கும். பாசால்ட் ஒளியைக் கசியவிடாது. ஆம்ஃபிபோலைட்டில் கரும்பச்சை ஊசிகள் கண்ணுக்கே தெரியும், திருப்பினால் மின்னும். வேடிக்கை என்னவென்றால் அந்த ஊசிகளும் நெஃப்ரைட்டும் வேதியியலில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். இழைகள் முடியைவிட மெல்லியதாகிக் கம்பளிபோலப் பின்னிக்கொண்டால்தான் அதற்கு நெஃப்ரைட் என்று பெயர். பின்னல் இல்லாவிட்டால் அது சும்மா ஒரு பச்சைப் பாறை.

3.2 முதல் 3.5 வரை: ஜேடைட்டாக இருக்கலாம். ஆனால் வெசுவியனைட், எபிடோட், ஹைட்ரோகிராசுலர் கார்னெட் எல்லாம் இங்கேதான். கடைசியாகச் சொன்னது நமக்குத் தெரிந்த கோமேதகத்தின் உறவுக்காரக் கல். டிரான்ஸ்வால் ஜேட் என்ற பெயரில் விற்கிறார்கள். ஜேடைட் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், வேறெங்காவது எடுத்த கல் 3.4 காட்டினால் நான் முதலில் கார்னெட்டைத்தான் சந்தேகிப்பேன்.

காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லருகே கொண்டுபோவதும் ஒரு பழக்கம். பலமாக இழுத்தால் உள்ளே மேக்னடைட் என்ற காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம் நிறைய இருக்கிறது, செர்பென்டைனில் இது சகஜம். லேசான இழுப்பு நெஃப்ரைட்டிலும் உண்டு.

ஒரு சின்ன ஜன்னல் திறப்பது

இதுவரை தப்பிய கல்லின் ஒரு மூலையை நாணய அளவுக்குத் தேய்த்துப் பாருங்கள். வாட்டர் பேப்பர் எனப்படும் கறுப்பு உப்புத்தாளில் 220-இல் ஆரம்பித்து 400, 800, 1500, 3000 என்று ஏறுங்கள். பொறுமை வேண்டும். செர்பென்டைன் சீக்கிரம் வழிக்கு வரும். ஜேட் அப்படி இல்லை, கை வலிக்கும்வரை தேய்த்தாலும் மெதுவாகத்தான் தேயும். மெருகேறிய பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய குழிவுகள் தெரிந்தால், பின்னிய இழைகளும் மணிகளும் சமமாகத் தேயாததால் வந்தவை, நல்ல அறிகுறி.

கட்டாயம் ஈரமாக வைத்தே தேயுங்கள். நெஃப்ரைட்டின் கனிமக் குடும்பத்திலேயே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ரகங்கள் இருக்கின்றன, செர்பென்டைனிலும் இருக்கின்றன. குவார்ட்ஸ் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. உலர்ந்த தூசி பறக்கக் கூடாது, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சும் சேற்றைக் காயவிடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

சுத்தியலால் அடித்துப் பார்க்கும் யோசனை எல்லோருக்கும் வரும். நெஃப்ரைட் மீது அடித்தால் சுத்தியல் துள்ளும் என்பது உண்மைதான். கற்காலத்தில் ஜேட்டைக் கோடரி செய்யத் தேடியதே இந்த உறுதிக்காகத்தான். இத்தாலியின் மோன்டே விசோ மலையில் வெட்டிய ஜேட் கோடரிகள் பிரிட்டன்வரை போயிருக்கின்றன. ஆனால் அது வேறு கல்லாக இருந்தால் சில்லுகள் கண்ணில் தெறிக்கும், ஜேட்டாக இருந்தால் உள்ளே விரிசல் விட்டு வீணாகும். வேண்டாம்.

காதில் போட்டுக்கொள்ள வேண்டாதவை

கல்லில் தலைமுடியைச் சுற்றி நெருப்புக் காட்டினால் முடி எரியாது என்பார்கள். கல் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வேறு கற்களிலும் முடி எரியாமல் தப்பும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்பதும் அப்படியே; கண்ணாடியும் குவார்ட்ஸும் குளிரத்தான் செய்யும். தட்டினால் மணிபோல ஒலிக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மெல்லிய ஜேட் தகடுகள் நன்றாகவே ஒலிக்கும். ஆற்றில் எடுத்த குண்டுக்கல்லைத் தட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வகத்துக்குப் போகும்போது

ரத்தினக்கல் ஆய்வகத்தில் மெருகேறிய பரப்பின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். நெஃப்ரைட் 1.61-ஐ ஒட்டி வரும், ஜேடைட் 1.66-ஐ ஒட்டி வரும். நீங்கள் திறந்த ஜன்னல் இங்கே கைகொடுக்கும். லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் ராமன் நிறமாலைச் சோதனை கல்லுக்குச் சேதமில்லாமல் கனிமத்தின் பெயரையே சொல்லிவிடும். பல்கலைக்கழக நிலவியல் துறை ஒன்றில் தெரிந்தவர் இருந்தால், ஒரு சின்னச் சில்லை எக்ஸ்-கதிர் சோதனைக்குக் கொடுக்கலாம்.

அறிக்கையில் "ஜேட்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். நெஃப்ரைட்டா ஜேடைட்டா என்று தெளிவாக இருக்க வேண்டும். கிடைத்தது கூழாங்கல்லாக இல்லாமல் மணியாகவோ வளையலாகவோ இருந்து, அது ஜேடைட் என்றும் வந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ஏ வகையா, பி வகையா, சி வகையா? மெழுகு மெருகைத் தவிர வேறு எதுவும் செய்யாதது ஏ. அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது பி. சாயம் ஏற்றியது சி. ஆற்றிலிருந்து நீங்களே எடுத்த கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. எடுத்த இடம், தேதி, காய்ந்த எடை, தண்ணீரில் காட்டிய எடை இவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லோடு கொடுத்துவிடுங்கள்.